ராமனுடன் இருந்த கிருஷ்ணன்

கோலசிலாங்கூர் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு ஒளிரும் பொருள் என்றால் கம்போங் குவாந்தான் மின்மினிதான். அது தன் உடலிலுள்ள வேதிப்பொருளால் ஒளி தருகிறது. பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் உடனொளிர்வு வேறு. ஒரு நிற ஒளியை வாங்கி இன்னொரு நிறத்தில் திருப்பித் தருவது அது. அப்படி ஒளிரும் நானோ துகள்களை நோய்க்கூறுகளில் ஒட்டவைத்து, மிகச் சிறிய அளவில் இருந்தாலும் கண்டுபிடிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், உடல் திசுவும் தானாகவே கொஞ்சம் ஒளிரும். எது துகளின் ஒளி, எது திசுவின் ஒளி என்று எப்படிப் பிரிப்பது?

இதே மாதிரியான கேள்வியோடு போராடியவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டுக் கல்கத்தா சென்றவர், 1923இல் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அதே ஆண்டு, அங்கிருந்த கே. ஆர். ராமநாதன் நீர் போன்ற திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு கீற்றைக் கண்டார். அழுக்கினால் வரும் உடனொளிர்வு என்று நினைத்தார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் அதை மீண்டும் கையில் எடுத்தார். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்தில் செலுத்தினார். வெளிவருவதைப் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார். நிறம் மாறாவிட்டால் இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் ஒளி தெரிந்தது. அது முனைவாக்கமும் பெற்றிருந்தது, அதாவது அதன் அதிர்வு ஒரு திசையில் மிகுந்திருந்தது. சாதாரண உடனொளிர்வு அப்படி இருக்காது. பற்பல திரவங்களில் இதையே கண்டார். அன்றாடம் நாட்குறிப்பும் எழுதினார். (பரிசோதனைக் குறிப்பேட்டைக் கடைசி நேரத்தில் நிரப்பும் நண்பர்கள் கவனிக்க!) ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் கட்டுரை நேச்சர் இதழில் மார்ச் 31இல் வந்தது.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. கிருஷ்ணனோ டாக்கா சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து தனக்கென ஒரு பெயர் பெற்றார். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூனில் மறைந்தார்.

ராமன் ஒளி மிக மங்கலானது. வெள்ளிப் பரப்பில் அது பன்மடங்கு பெருகும் என்பது 1970களில்தான் தெரியவந்தது. இன்று தங்க, வெள்ளி நானோ துகள்களைக் கொண்டு அதையும் நோய் கண்டறியப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கேயும் பெரிய தொல்லை, மாதிரியிலிருந்து வரும் உடனொளிர்வுதான்.