கலங்கலில் பிறந்து கலங்காது வாழ்ந்தவர்

கோவை காந்திபுரத்தில் பேருந்துகள் இரவும் பகலும் வந்துபோய்க்கொண்டே இருக்கின்றன. பிழைப்புத் தேடி வருவோரும், பணிமாற்றம் பெற்றுக் குடும்பத்துடன் குடிபெயர்வோரும் அங்கு வந்திறங்குகின்றனர். புதிய ஊர், புதிய தொழில் என்னும் நிலையில் உள்ளத்தில் அச்சம் எழுதல் இயல்பே. வெளியூர்களில் வாழத் தலைப்படும் நம் குடும்பத்தினரும் இதனை அறிவர். அத்தகையோர்க்குத் துணையாக நிற்கும் வாழ்வு, கொங்கு நாட்டுப் பேருந்துத் தொழிலின் முன்னோடியாகிய ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்வு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். மிக இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. தொடக்க நிலையிலேயே கல்வி நின்றது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனைத் தாமும் பெறவேண்டும் என்று கோவைக்கு வந்து, உணவு விடுதியில் பரிமாறும் பணியை ஏற்றார். சில ஆண்டுகள் பொருள் சேர்த்து வண்டியை வாங்கினார். பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற தொழிற்கல்லூரி அதுவே.

பின்னர்ப் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல வருவாய் கிட்டியது. அம்முதலுடன் பம்பாய் சென்று பருத்தி வாணிகம் செய்தார். அங்குக் கைப்பொருள் அனைத்தும் கரைந்தது. செல்வம் நிலையாதது என்பதை நாம் நூல்களில் படிக்கிறோம், அவரோ பட்டறிந்தார்.

அவர் வாழ்வின் திருப்புமுனை இதுவே. செல்வராய்ச் சென்றவர் வெறுங்கையராய்த் திரும்புகையில் ஊரார் முகத்தில் விழிக்க நாணுவர். விதியை நொந்து முடங்குவோரும் உளர். நாயுடுவோ போன பொருளை எண்ணிப் புலம்பவில்லை. தம் கையில் எஞ்சியிருந்தது யாது என்று பார்த்தார். எந்திர அறிவும் உழைக்கும் உடலும் எஞ்சியிருந்தன. ஸ்டேன்ஸ் துரையின் உதவியுடன் பேருந்து ஒன்றைப் பெற்று, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முன்பு முதலாளியாக இருந்தவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்வதை இழிவாகக் கருதவில்லை. அந்த ஒற்றைப் பேருந்தே வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாயிற்று.

அதனோடு அவர் அமைதியடையவில்லை. 1937-இல் தி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாகக் காரணமானார். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றப் பொருளுதவி செய்து, அதன் முதல்வராகவும் விளங்கினார். படிப்புக்காலம் குறைக்கப்பட வேண்டும் என்ற அவரது கருத்தை அரசு ஏற்காதபோது அப்பதவியைத் துறந்தார். ஆயினும் இளைஞர்க்குத் தொழில் கற்பிக்கும் ஆர்வத்தைத் துறக்கவில்லை. பதவி வேறு, பணி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. துன்பம் வாராமற் காப்பது எவர்க்கும் இயலாது. வந்தபின் உள்ளத்தை எவ்வழி செலுத்துவது என்பது நம் கையில் உள்ளது. மகிழ்ச்சியும் தன்னம்பிக்கையும் வெற்றி வந்தபின் கிட்டும் பரிசுகள் என்று பலரும் எண்ணுகின்றனர். நாயுடுவின் வாழ்வு அவற்றை முதற்படியில் வைக்கிறது. வேலையிழந்தோரும், தொழிலில் நொடித்தோரும், புதிய ஊரில் தடுமாறுவோரும் இழந்ததை எண்ணுமுன் எஞ்சியதை எண்ணுவாராக. கையில் கிடைத்த நற்றொழிலை நாணமின்றி மகிழ்வுடன் ஏற்பாராக. நம் இல்லங்களில் பெற்றோர் மக்களுக்குச் சேர்த்துவைக்கத்தக்க செல்வம் இம்மனத்திண்மையே.