பொருள் கேட்ட தாவூத் ஷா

தென்பெண்ணைக் கரையிலே மணலூர்பேட்டையில் ஆண்டுதோறும் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிறார். கழனியிலும் களத்திலும் பாடுபடும் மக்கள் திரண்டு நிற்கிறார்கள். ஓதப்படுவதோ வடமொழி, கேட்டு நிற்பவனோ தமிழன். அதற்குப் பொருள் என்ன என்று அவன் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவர்களும் மிகச் சிலரே!

இது ஒரு மதத்தில் மட்டும் உள்ள நிலை அன்று, தோழர்களே. பள்ளிவாசலிலும் இதே நிலை நெடுநாள் இருந்தது. தமிழ் முஸ்லிம் சிறுவன் அரபு எழுத்தைக் கூட்டி ஓதக் கற்றான். ஓதியதன் பொருளைக் கற்றானில்லை. அந்த நிலையை எதிர்த்துப் பேனா பிடித்தவர் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தான் பா. தாவூத் ஷா.

1885-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். குத்துவிளக்குக்குப் பெயர்போன நாச்சியார்கோயிலே அவருடைய ஊர். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலக் கல்லூரிப் பக்கம் போவதே அரிதாயிருந்த அந்த நாளில் பி.ஏ. தேறினார். சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. சப் மாஜிஸ்திரேட் பதவி வரை உயர்ந்தார். ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கிய 1921-இல், வெள்ளையன் தந்த அந்த நாற்காலியை வேண்டாமென்று உதறி எழுந்தார். சம்பளமும் சலுகையும் போயின. அவர் கலங்கவில்லை.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றார். லண்டனுக்கு அருகே வோக்கிங் என்ற ஊரில் 1889-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்று உண்டு. குவாஜா கமாலுத்தீன் என்பார் 1913 முதல் அங்கிருந்து ஆங்கிலேயருக்கு இஸ்லாத்தை விளக்கி வந்தார். மறையை அறிவோடும் ஆராய்ச்சியோடும் பொருத்திப் பார்க்கும் முறையைத் தாவூத் ஷா அங்கே நேரில் கண்டார். ஆனால் அந்தத் தொடர்பே பின்னாளில் அவருடைய எதிரிகள் கையில் ஆயுதமாயிற்று!

காரணத்தை அறிய வேண்டுமா? பஞ்சாபில் காதியான் என்ற ஊரைச் சேர்ந்த மிர்சா குலாம் அகமது 1889-இல் அகமதியா என்ற புதிய இயக்கத்தைத் தோற்றுவித்தார். 1908-இல் அவர் மறைந்தார். 1914-இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. அவரை நபி என்றது ஒரு பிரிவு. சீர்திருத்தக்காரர் மட்டுமே என்றது லாகூர்ப் பிரிவு. கமாலுத்தீன் லாகூர்ப் பிரிவினர். முகம்மது நபியே இறுதி நபி என்பது முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே அந்த இயக்கத்தின் நிழல் பட்டவர்களையெல்லாம் ஐயத்தோடு பார்த்தார்கள்.

தாயகம் திரும்பிய தாவூத் ஷா, ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையைக் களமாக்கினார். குர்ஆனுக்குத் தமிழில் பொருள் வேண்டும், வெள்ளிக்கிழமைப் பேருரை கேட்போருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். தர்கா கந்தூரிகளில் பணம் கரைவதைக் கண்டித்தார். மறை வசனங்களுக்குத் தமிழில் உரை எழுதினார்.

புயல் எழுந்தது! உலமாக்களில் பலர் சீறினர். மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு பிறந்தது. காஃபிர் என்ற அந்த ஒரு சொல்லின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒருவன் மீது அது விழுந்தால் அவன் தொழுமிடம், பெண் கொடுத்து எடுக்கும் உறவு, இறந்தபின் அடக்கம் பெறும் மண் எல்லாமே கேள்விக்குறியாகும். வடநாட்டில் அலிகார் கல்லூரி கண்ட சர் சையத் அகமது கானும் (1817–1898) குர்ஆனுக்கு இயற்கை அறிவோடு இயைந்த உரை எழுதி, இதே தண்டனையைப் பெற்றவர்தான்.

உலமாக்களின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். அரபு இலக்கணம், நபிமொழி, வசனம் இறங்கிய சூழல் இவற்றை அறியாதவன் உரை எழுதினால் பொருள் திரியும் என்றார்கள். அது வெறும் பேச்சன்று. கற்காதவன் வைத்தியம் செய்யக்கூடாது என்பது போன்ற எச்சரிக்கை அது. ஆனால் தவறான உரைக்கு மருந்து சரியான உரையல்லவா? எழுதியவனை ஊர்விலக்கு செய்வது மருந்தாகுமா?

இதற்கு விடை உலமாக்களின் அணியிலிருந்தே வந்தது. மௌலவி அ. கா. அப்துல் ஹமீது பாகவி ஆண்டுக்கணக்கில் உழைத்துக் குர்ஆன் முழுவதையும் தமிழாக்கினார். 1949-இல் அது முழுமையாக வெளிவந்தது. அதனால் இஸ்லாம் அழிந்துவிடவில்லை. இன்று தமிழ்க் குர்ஆன் பதிப்புகள் பல. பல பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை தமிழ் ஒலிக்கிறது. நேற்றுக் குற்றமாயிருந்தது இன்று வழக்கமாகிவிட்டது!

தாவூத் ஷா குறையற்றவர் அல்லர். அவருடைய பேனா எதிராளியைக் குத்திக் கிழிக்கும். அதனால் நண்பராக வேண்டியவர்களும் பகைவராயினர். அரசியலில் காங்கிரசிலிருந்து முஸ்லிம் லீகுக்குச் சென்றார். ஆயினும் அவருடைய தமிழ்ப் பற்றை எவரும் மறுக்க முடியாது. கம்பராமாயணத்தில் திளைத்து மேடையேறி முழங்கியதால் ‘இராமாயணச் சாயபு’ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். கம்பனில் அவருக்கும், சீறாப்புராணத்தில் நமக்கும் பங்கு இல்லையென்று சொல்ல யாருக்கு உரிமை? முதுமையிலும் குர்ஆன் விரிவுரைப் பணியை அவர் விடவில்லை. 1969-இல் மறைந்தார்.

கடவுள் உண்டா இல்லையா என்பதில் நாமும் அவரும் ஒன்றல்ல. அவர் இறுதிவரை இறைநம்பிக்கையாளர். ஆனால் எதை நம்பச் சொல்கிறார்களோ அதன் பொருளை அறிய உழைப்பாளிக்கு உரிமையுண்டு என்பதில் அவரும் நாமும் ஒரே அணி. 2021 ஆகஸ்டில், பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினரிலிருந்தும் அர்ச்சகர்களுக்குத் தமிழக அரசு பணி ஆணை வழங்கியபோதும், கோயில்களில் தமிழ் அர்ச்சனைத் திட்டம் தொடங்கியபோதும் எழுந்த கூச்சல், தாவூத் ஷா கேட்ட கூச்சலின் எதிரொலியே.

ஆகவே தோழர்களே, கோயிலில் பொருள் கேளுங்கள். பள்ளிவாசலில் கேட்கும் இளைஞனுக்குத் துணை நில்லுங்கள். நம் கட்சி மேடையில் நாம் பேசுவது புரியவில்லையென்று ஒரு தொண்டன் எழுந்து கேட்டால், அவனை உட்கார் என்று அதட்டாதீர்கள். விளக்கிச் சொல்லுங்கள்.