சிரிக்க வைத்த பனிமயதாஸ்

ஜூபிலி மலரில் சினிமா நடிகருக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். அவரும் நம் திருச்சபையின் பிள்ளையே.

நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபு 1927-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ்; பனிமய மாதாவின் அடியவர் என்பது பொருள். தந்தையார் சுதந்திரப் போராட்ட வீரர். ஆங்கில அரசின் கெடுபிடியால் குடும்பம் இலங்கை சென்றது. கொழும்பில் வளர்ந்த மகன் 1943-இல் சென்னை வந்தார்.

1947-இல் 'தன அமராவதி' படத்தில் தோன்றினார். பின்னர் வாய்ப்பின்றி அலைந்து, 1952-இல் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இறைவன் அருளால் பிழைத்தார். அதே ஆண்டிலேயே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் இடம் கிடைத்தது. மேல்நாட்டு 'யோடலிங்' முறையில் குரலைத் துள்ளவிட்டுப் பாடினார். எலும்பே இல்லாதவர்போல் ஆடினார். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடமேற்று, சிவாஜி கணேசனுக்கு ஈடுகொடுத்து நடித்தார்.

1960-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகனானார். படம் தோற்றது, கவலைதான் மிஞ்சியது. மணவாழ்வும் நிலைக்கவில்லை. ஆயினும் 1966-இல் தாம் இயக்கிய படத்துக்கு 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று நற்செய்தி வாக்கையே பெயராகச் சூட்டினார். 1974 மார்ச் 8 அன்று 46-ஆம் வயதில் மறைந்தார்.

நம் ஜவ்வாது மலை ஊர்களிலும் எல்லாரையும் சிரிக்க வைப்பவர் உண்டு. அவருக்கென்ன குறை என்று நாம் கேளாமல் விட்டுவிடுகிறோம். அவர் வீட்டுக் கதவையும் தட்டி நலம் விசாரிப்போம். அன்னாரது ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் மன்றாடுவோம்.