மரக்கொட்டகையில் பிறந்த மலிவு அலுமினியம்

இன்று ஏழை வீட்டு அடுப்பிலும் அலுமினியப் பாத்திரம் ஏறுகிறது. ஒரு காலத்தில் அது அபூர்வ உலோகம்! 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க ஒரு சிறிய அலுமினிய முனை செய்தார்கள். அதைத் தூணில் ஏற்றும் முன்பு, நியூயார்க் நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள்.

அந்த உலோகத்தை மலிவாக்கியவர் சார்லஸ் மார்ட்டின் ஹால். 1863-ல் ஓகையோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பாதிரியார். வசதியான குடும்பம் அல்ல.

ஆசிரியர் போட்ட விதை

ஓபர்லின் கல்லூரியில் ஹாலின் ரசாயன ஆசிரியர் ஜூவெட். அலுமினியத்தை மலிவாக எடுக்க வழி கண்டுபிடிப்பவன் பெரும் பணக்காரன் ஆவான் என்று அவர் மாணவர்களிடம் சொல்வது உண்டு. ஹால் அதைப் பிடித்துக்கொண்டார். 1885-ல் பட்டம் பெற்ற பிறகு, வீட்டை ஒட்டிய மரக்கொட்டகையே அவருடைய சோதனைச்சாலை ஆயிற்று. சில கருவிகளை ஆசிரியர் கொடுத்து உதவினார். ரசாயனம் படித்த அக்காள் ஜூலியா கூட இருந்து உதவினார். ஊரில் மின்சாரம் இல்லை. பாட்டரிகளைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது.

அலுமினா என்ற வெள்ளைப் பொடியில் அலுமினியம் அடங்கியிருக்கிறது. ஆனால் அதை உருக்க 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கிரையோலைட் என்னும் கனிமத்தை உருக்க அதில் பாதி சூடு போதும். உருகிய கிரையோலைட்டில், நீரில் சர்க்கரை போல அலுமினா கரைந்துவிட்டது! அதில் மின்சாரம் பாய்ச்சினார்.

அலுமினியம் வரவில்லை. ஏதோ சாம்பல் நிறப் படிவுதான் வந்தது.

குற்றம் எங்கே? தட்டார் பொன் உருக்குவது போன்ற களிமண் மூசையில்தான்! மண்ணில் இருந்த சிலிக்கா கரைந்து காரியத்தைக் கெடுத்தது. மூசையின் உட்புறத்துக்குக் கரிப்பூச்சு கொடுத்தார். 1886 பிப்ரவரி 23-ந் தேதி, மூசையின் அடியில் வெள்ளி போல மின்னும் சிறு குண்டுமணிகள் கிடைத்தன. அப்போது ஹாலுக்கு வயது 22.

கம்பெனி கைவிட்டது

பட்டறையில் செய்து காட்டப் பணம் வேண்டுமே! முதலில் சேர்ந்த கம்பெனி அவர் முறையை ஏற்கவில்லை. ஓராண்டு வீணாயிற்று. பிறகு பிட்ஸ்பர்க் நகரில் ஆல்பிரட் ஹண்ட் என்பவர் நண்பர்களைச் சேர்த்து 20,000 டாலர் திரட்டினார். 1888 நவம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஹாலும் டேவிஸ் என்ற இளைஞரும் முறை மாற்றி, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தார்கள். கொட்டகையில் மூசையை அடுப்பில் வைத்துச் சுட வேண்டியிருந்தது. இங்கே தொட்டி பெரிது. பாய்ந்த மின்சாரமே கலவையைச் சூடாக வைத்திருந்தது.

1888-ல் ராத்தல் கிட்டத்தட்ட 5 டாலர். 1893-ல் ஒரு டாலருக்கும் கீழே! 1898-ல் சென்னை கலைத் தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார்.

அக்காளின் சாட்சி

இதற்கிடையே ஒரு வழக்கு. பிரான்சில் ஹெரூல்ட் என்ற இளைஞரும் 1886-லேயே இதே முறையைக் கண்டுபிடித்திருந்தார். ஹாலை அவர் அறியார். அவரை ஹால் அறியார். அமெரிக்க உரிமை யாருக்கு? அண்ணனுக்கு ஹால் எழுதிய கடிதங்களும் ஜூலியாவின் சாட்சியமும் பிப்ரவரி 23-ந் தேதியை நிலைநாட்டின. 1889-ல் உரிமை ஹாலுக்குக் கிடைத்தது.

இருவரும் 1863-ல் பிறந்தவர்கள். இருவரும் 1914-ல் காலமானார்கள். மணம் செய்துகொள்ளாத ஹால், தம் பெருஞ்செல்வத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓபர்லின் கல்லூரிக்கு எழுதி வைத்தார்.