கைக்கு வேலை கொடுத்த மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டின் தலைநகர் ரோம். அங்கே ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. இருபதாம் நூற்றாண்டு பிறக்க இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளே இருந்தன.

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்தக் காலத்தில் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். ஓர் அறையில் அப்படிப்பட்ட குழந்தைகள் சிலர் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்தார்கள். சிந்திக் கிடந்த ரொட்டித் துணுக்குகளை முண்டியடித்துப் பொறுக்கினார்கள். காவலுக்கு இருந்த பெண் முகம் சுளித்தாள். தின்ற பிறகும் ஆசை தீராத பிள்ளைகள் என்று குறை சொன்னாள்.

பார்வையிட வந்திருந்த இளம் பெண் டாக்டர் குழந்தைகளைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். நான்கு சுவர்தான் இருந்தது. ஒரு பொம்மை இல்லை. ஒரு மரத்துண்டு கூட இல்லை. தொட்டுப் பார்க்க, உருட்ட, பிசைய அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த ஒரே பொருள் ரொட்டித் துணுக்கு! பசித்தது வயிறு அல்ல, கை என்று டாக்டருக்குப் புரிந்தது.

அந்த டாக்டர்தான் மரியா மாண்டிசோரி. ஊருக்கு ஊர் மாண்டிசோரிப் பள்ளி என்று பலகை தொங்குகிறதே, அந்தப் பெயருக்கு உரியவர். அந்தப் பள்ளிகளின் முறை முதலில் இப்படி ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் உருவாயிற்று. இது பலருக்குத் தெரியாது.

தனியே கற்ற பாடம்

மரியா 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கியாராவல்லே. தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் டாக்டருக்குப் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தாய் மகள் பக்கம் நின்றார்.

ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது முறையல்ல என்று கல்லூரியில் கருதினார்கள். ஆகவே மாணவர்கள் எல்லாரும் போன பிறகு, மாலை நேரத்தில், பிணத்தின் அருகே தனியாக நின்று மரியா கற்றார். 1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆஸ்பத்திரிக் குழந்தைகளைக் கண்ட பிறகு அவருக்கு மனம் ஓடவில்லை. பழைய நூல்களைத் தேடினார். பிரான்சு நாட்டில் இட்டார் என்ற டாக்டர், காட்டில் தனியே அலைந்த ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அவருக்குப் பின் வந்த செகேன், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு என்றே ஒரு முறை வகுத்திருந்தார். செகேன் எழுதிய நூல் 600 பக்கம். மரியா அதை முழுவதும் இத்தாலி மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார்!

இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தை விடப் பாடம் என்று 1898-ம் ஆண்டு தூரின் நகர மாநாட்டில் பேசினார். 1900-ம் ஆண்டு ரோமில் இவர்களுக்கென ஒரு பள்ளி ஏற்பட்டது. காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை மரியா குழந்தைகளோடு இருந்தார். மரத்தில் எழுத்துகள் செய்து கொடுத்தார். விரலால் தடவித் தடவி அவர்கள் எழுத்தை அறிந்தார்கள்.

பாய் முடைந்த சிறுமி

அங்கே ஒரு சிறுமி. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவளுக்குத் தையல் வரவில்லை. மரியா அவளைத் திட்டவில்லை. ஊசியை வாங்கி வைத்துவிட்டார். காகிதப் பட்டைகளைக் கொடுத்தார். ஒரு பட்டை மேலே, ஒரு பட்டை கீழே எனச் சிறு பாய் முடையச் சொன்னார். அது கைவந்ததும் மறுபடி ஊசியைக் கொடுத்தார். சிறுமி தைத்தாள்!

மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டில் பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. பழகாத கையில் யாரும் முதலிலேயே மூடி வைத்த பெட்டியைக் கொடுப்பதில்லை. ஏரியில் மீன் பிடிக்கும் வீடுகளிலும் அப்படித்தான். முடிச்சுப் போடத் தெரியாத பையனிடம் கிழிந்த வலையைத் தருவார்களா?

ஆனால் பேச்சு வராத பிள்ளை தலையை முட்டிக் கொண்டாலோ, கடித்தாலோ இந்தப் பொறுமை பறந்துவிடுகிறது. அடி விழுகிறது. சில வீடுகளில் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. இன்றைய மனநல நிபுணர்கள் முதலில் விசாரிப்பது வேறு. எந்த வேளையில் முட்டுகிறான்? அதற்கு முன் என்ன நடந்தது? முட்டியதும் அவனுக்கு என்ன கிடைத்தது? வீட்டாரை அதைக் குறித்து வரச் சொல்கிறார்கள். பசி என்றோ, சத்தம் பிடிக்கவில்லை என்றோ காட்டுவதற்கு ஒரு சைகை, ஒரு படம் பழக்குகிறார்கள். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காகச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ம் ஆண்டு ஒரு தேசிய நிறுவனம் ஏற்பட்டது. மரியா அன்று குழந்தையோடு அறையையும் சேர்த்துப் பார்த்தாரே, அதே வழிதான் இது.

அவருடைய மாணவர்களில் சிலர், மற்றக் குழந்தைகளோடு பொதுப் பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மரியாவின் கவலை வேறு. இவர்களே இவ்வளவு படிக்கும்போது, குறை ஏதும் இல்லாத குழந்தைகள் ஏன் இதே அளவில் நிற்கிறார்கள் என்று யோசித்தார். 1907-ம் ஆண்டு ரோமில் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் வீடு தொடங்கினார். அவர் புகழ் உலகம் எங்கும் பரவியது.

சொல்ல முடியாத உறவு

ஊர்ப் பிள்ளைகளைக் காத்தவருக்குச் சொந்தப் பிள்ளையை வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உடன் பணியாற்றிய டாக்டர் மாண்டெசானோவை அவர் விரும்பினார். 1898-ம் ஆண்டு மகன் மாரியோ பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. மணமாகாத தாய் என்று தெரிந்தால் அன்றைய இத்தாலியில் வேலையும் போகும், மானமும் போகும். குழந்தை வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. சரியோ, தவறோ, அந்தத் தாய் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மாரியோ சுமார் 15 வயதில் தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் வெளியாருக்கு அவர் உறவுப் பையன்தான்.

1939-ம் ஆண்டின் கடைசியில் தாயும் மகனும் சென்னைக்கு வந்தார்கள். அம்மையாருக்கு அப்போது 69 வயது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, சுமார் 300 பேருக்குப் பயிற்சி தந்தார். அவர் இத்தாலி மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரிகள் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. தள்ளாத வயதில் பிள்ளை மறுபடியும் பிரிந்தான்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மாரியோவை விடுதலை செய்வதாகச் செய்தி. அதில் மாரியோவை உறவினர் என்று எழுதவில்லை. அம்மையாரின் மகன் என்றே எழுதியிருந்தது!

அதன் பின் இருவரும் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிப் பள்ளி நடத்தினார்கள். 1946-ம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார்கள். அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்து பயிற்சி தந்தார்கள். அம்மையார் 1952 மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டில், நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவருடைய உயிலைப் பிரித்தார்கள். மாரியோவை அதில் அவர் தம் மகன் என்று எழுதி வைத்திருந்தார்.