அளந்து விடையளித்த அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

பிறந்த ஊரை விட்டு வந்து மண்டி மொஹல்லாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், வெளியூரில் பிறந்து உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை அறிதல் நலமெனக் கருதி, உயிர் இயற்பியல் மேதை ஜி. என். இராமச்சந்திரனாரைப் பற்றி இம்மலரில் சில கூறப் புகுகின்றோம்.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் தோன்றினார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றபின், 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராய்ச் சேர்ந்தார். அவர்தம் அறிவுக் கூர்மையைக் கண்ட சர் சி. வி. இராமன், இயற்பியல் துறைக்கே அவரை அழைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார்.

நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது கொல்லாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் அந்நாளில் விளங்காப் புதிராயிருந்தது. எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்த இராமச்சந்திரனாரும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்குண்ட அமைப்பே அது என 1955-இல் வெளியிட்டனர்.

பாராட்டோடு மறுப்பும் வந்தது. டி.என்.ஏ.யின் வடிவைக் கண்ட கிரிக்கும் அவர்தம் துணைவர் ரிச்சும், அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். புகழ் மிக்கோர் கூற்றுக்கு அவர் அஞ்சி ஒதுங்கினாரல்லர், சினந்து வாதிட்டாருமல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முதலில் அளந்தறியத் துணிந்தார். அதுவரை வெளியான படிக ஆய்வுகளையெல்லாம் திரட்டி, சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்னும் மாணவருடன் கணக்கிட்டார். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் இரு கோணங்களில் திரும்பக்கூடும். அவற்றுள் அணுக்கள் மோதாத கோணங்கள் சிலவே. அவற்றைக் காட்டும் படம் 1963-இல் வெளிவந்தது. அதுவே இராமச்சந்திரன் வரைபடம். மும்முறுக்கு அமைப்பும் நிலைத்தது. இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கை மட்டும் பின்னர்த் திருத்தம் பெற்றது.

1970-இல் பெங்களூர் திரும்பி, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977-இல் லண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. முதுமையில் நடுக்குவாத நோயால் நலிந்து, 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் மறைந்தார்.

இன்றும் உலகில் எங்கே புதிய புரத வடிவம் கண்டறியப்படினும், அது பொருந்துமா என அவ்வரைபடத்தில் வைத்தே சோதிக்கின்றனர். நிறுத்துப் பார்த்தே விலை கூறும் மண்டியின் பெயரைத் தாங்கிய பகுதியில் வாழும் நமக்கு, மறுப்புக்கு அளவையால் விடையளித்த இப்பெரியாரின் நெறி எளிதில் விளங்கும். நம் இளைஞர் அதனைக் கைக்கொள்வாராக!