ஒரே ரிவால்வர், ரெண்டு வகைத் தோட்டா: சாமுவேல் கோல்ட் கண்டுக்காமல் விட்டது என்ன?

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு கோல்ட் ரிவால்வரைத் தெரியாமல் இருக்காது. கோல்ட் என்றால் தங்கம் இல்லை, ஓர் ஆளின் பேர். சாமுவேல் கோல்ட். ரிவால்வரை உலகம் முழுக்க விற்றுக் காட்டியவர். ஆனால் அவர் இறந்த சில வருஷங்களிலேயே, அவர் கம்பெனி துப்பாக்கிகளைப் பிரித்து, வேறு வகைத் தோட்டா போடுவதற்காக மாற்ற வேண்டி வந்தது. ஏன்?

கல்கத்தா கப்பலில் ஒரு மரத்துண்டு

கோல்ட் பிறந்தது 1814 ஜூலை 19, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். 1830-ல், 16 வயதில், கோர்வோ என்ற கப்பலில் வேலைக்கு ஏறினார். கப்பல் போன ஊர் நம்ம கல்கத்தா. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த கதைகள் நிறைய உண்டு. இது எதிர்த்திசையில் வந்த பயணம்.

அந்தப் பயணத்தில்தான் சுழன்று சுழன்று சுடும் துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார். கப்பலில் சுழலும் சக்கரம், ஒவ்வொரு நிலையிலும் பூட்டிக்கொள்வதைப் பார்த்து யோசனை வந்தது என்பது பிரபலமான கதை. சுழலும் துப்பாக்கி அதற்கு முன்பே இருந்தது. எலிஷா கோலியர் என்பவர் 1818-லேயே பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருந்தார். கோல்ட் செய்தது வேறு. சுத்தியலைப் பின்னால் இழுத்தாலே சிலிண்டர் தானாகச் சுழன்று, சரியான இடத்தில் பூட்டிக்கொள்ளும். கையால் திருப்ப வேண்டியதில்லை.

சிரிப்பு வாயு முதலீடு

மாதிரித் துப்பாக்கி செய்யக் காசு வேணும். டாக்டர் என்று பட்டம் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மேடையில் சிரிப்பு வாயு கொடுத்துக் காட்டும் நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் காசில்தான் துப்பாக்கி வேலை ஓடியது.

1836 பிப்ரவரி 25-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஆலை தொடங்கினார். விலை அதிகம், ராணுவத்துக்கு நம்பிக்கை இல்லை. 1842-ல் ஆலைக்குப் பூட்டு. 28 வயதுக்குள் முதல் தொழிலிலேயே நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டார்.

மெக்சிகோ போர் 1846-ல் வந்தது. டெக்ஸாஸ் வீரர் சாமுவேல் வாக்கர் இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்திப் பார்த்தவர். அவர் மூலம் 1847 ஜனவரியில் அரசாங்கத்திடமிருந்து 1,000 ரிவால்வருக்கு ஆர்டர் கிடைத்தது. அப்போது கோல்ட்டிடம் ஆலையே கிடையாது. எலி விட்னி ஜூனியரின் ஆலையில் செய்து கொடுத்தார். ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோ எடை!

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். 1851-ல் லண்டன் கண்காட்சி, 1853-ல் லண்டனிலேயே ஓர் ஆலை, 1855-ல் ஹார்ட்ஃபோர்டில் பிரமாண்டமான ஆலை. எலிஷா ரூட் என்ற நிர்வாகியை வைத்து, பாகங்களை மெஷினில் ஒரே மாதிரி அடித்து உருவாக்கவும் கடையவும் செய்தார். காப்புரிமையை மீறியவர்களை விடாமல் கோர்ட்டுக்கு இழுத்தார்.

சறுக்கியது எங்கே?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். கோல்ட்டின் ரிவால்வரில் இன்று நாம் பார்க்கிற தோட்டா கிடையாது. சிலிண்டரின் முன்பக்கத்தில் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தணும். பின்பக்கம் தீபாவளிப் பொட்டு கேப் மாதிரி ஒரு சின்ன மூடி. சுத்தியல் அதில் அடித்தால் பொறி பறக்கும். சிலிண்டரின் துளைகள் முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

குண்டு, மருந்து, பொறி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடைத்த தோட்டா அப்போதுதான் வரத் தொடங்கியது. அதைப் பின்பக்கமாகப் போட வேண்டும் என்றால், சிலிண்டரில் துளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை முழுசாகப் போகணும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்துக்குக் காப்புரிமை வாங்கியவர், கோல்ட் ஆலையிலேயே வேலை பார்த்த ரோலின் வைட். தேதி 1855 ஏப்ரல் 3. முதலில் கோல்ட்டிடம் காட்டினார், அவர் வேண்டாம் என்றார் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ, உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனிக்குப் போனது. துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டி.

1857-ல் அவர்களின் முதல் ரிவால்வர் வெளிவந்தது. கோல்ட்டின் மூலக் காப்புரிமை முடிந்ததும் அதே வருஷம். இந்தியாவில் சிப்பாய்கள் என்ஃபீல்டு தோட்டாவை எதிர்த்து எழுந்த வருஷமும் அதுதான். பல்லால் கடித்துப் பிரிக்கிற காகிதத் தோட்டா அது. தோட்டாவின் வடிவம் உலகம் முழுக்க மாறிக்கொண்டிருந்த காலம்.

கோல்ட் அசரவில்லை. புது ரிவால்வர் சின்னது, ராணுவத்துக்கு உதவாது. ஆர்டர்களும் குவிந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னால் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் விற்றார். 1862 ஜனவரி 10-ல், 47 வயதில் இறந்தபோது அவர் நாட்டின் பெரிய பணக்காரர்களில் ஒருவர்.

மாற்றியது எப்படி?

1864-ல் ஆலையின் பெரும்பகுதி தீயில் போனது. மனைவி எலிசபெத் அதை மறுபடி கட்ட வைத்தார். ஆனால் புதுத் தோட்டாவுக்கு வழி? வைட்டின் காப்புரிமை குறுக்கே நின்றது. எந்தக் காப்புரிமைச் சட்டத்தை வைத்துக் கோல்ட் மற்றவர்களை நிறுத்தினாரோ, அதே சட்டம் இப்போது அவர் கம்பெனியை நிறுத்தியது.

கம்பெனி ஊழியர் அலெக்சாண்டர் தூயர் 1868-ல் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார். முன்பக்கமாகவே போடக்கூடிய உலோகத் தோட்டா, அதற்கென்று தனி சிலிண்டர். தோட்டா கையில் இருந்தால் இந்த சிலிண்டர். கிடைக்காத ஊரில் பழைய சிலிண்டரை மாட்டி, மருந்தும் குண்டும் போட்டுக்கொள்ளலாம். ஒரே துப்பாக்கியில் இரண்டு வகை! யோசனை நல்லதுதான், விற்பனை சுமார்தான்.

1869-ல் வைட்டின் காப்புரிமை காலாவதியானது. அதை நீட்டிக்க வந்த மசோதாவை அதிபர் கிராண்ட் நிராகரித்தார். அதன் பிறகு கோல்ட் கம்பெனி பழைய ரிவால்வர்களைப் பின்பக்கத் தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அமெரிக்க ராணுவமும் தன்னுடையதைக் கொடுத்து மாற்றி வாங்கியது. 1873-ல் புதுத் தோட்டாவுக்கென்றே ஒரு ரிவால்வர் வந்தது. சினிமா கவ்பாய்கள் இடுப்பில் பார்க்கிறோமே, அதேதான். கோல்ட் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போ இப்படி மாற்றலாமா?

இந்தியாவில் முடியாது. செக்காலையில் ஒருத்தர் முறையாக லைசென்ஸ் வாங்கி ரிவால்வர் வச்சிருக்கார்னு வைங்க. அது எந்த வகை, எவ்வளவு தோட்டா வச்சுக்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸில் பதிவாகியிருக்கும். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவில் 2019-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்ற, அதற்கென்று தனி லைசென்ஸ் வேணும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறைத் தண்டனை உண்டு.